பதினெட்டு தராத கார்

என் அக்கா ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கார் ஓட்டுகிறாள். காலை ஆறரைக்குக் கிளம்பி, பதினொரு கிளினிக்குகளில் ரத்தக் குழாய்களை வாங்கி, ஐஸ் பெட்டியில் அடுக்கி, பன்னிரண்டு மணிக்குள் கூடத்தில் சேர்க்க வேண்டும். யாருக்கு எவ்வளவு சர்க்கரை என்பது அவளுக்குத் தெரியாது. எந்த சிக்னல் எத்தனை விநாடி நிற்கும் என்பது தெரியும்.

அதற்கு முன் ஆறு வருடம் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் லேபிள் ஒட்டினாள். ஜன்னல் இல்லாத அறை, ஒரு டியூப் லைட், ஒரு ஸ்டூல். வெளியே மழை பெய்ததா என்பதை உள்ளே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். லைசென்ஸ் எடுத்து, மூன்று தடவை மனுக் கொடுத்து, நான்காவது தடவை சாவி வாங்கினாள். சாவி கிடைத்த அன்று சாப்பிடும்போதுகூட அதைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். இரண்டு வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

நான் பட்டதாரி. எங்கள் குடும்பத்தில் முதல் ஆள். இயந்திரப் பொறியியல். இதை நானாக யாரிடமும் சொல்ல நேர்ந்ததில்லை. காய்கறிக்காரர் முதல் கேபிள்காரர் வரை எல்லோரிடமும் அம்மாவே சொல்லி முடித்திருந்தாள். அக்கா பத்தாவதோடு நின்றாள், நான் நிற்கவில்லை. இதில் என் மூளைக்கு எவ்வளவு பங்கு, அவள் நின்றதற்கு எவ்வளவு பங்கு என்று அவ்வப்போது யோசிப்பேன். யோசிக்க நேரம் நிறைய இருந்தது. அப்போது நான் வேலை தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பரிசோதனைக் கூடத்துக்குப் புதிதாக ஒரு போக்குவரத்து அதிகாரி வந்தார். வந்ததும் முதல் வேலையாக, மைலேஜை உயர்த்த எல்லாக் கார்களுக்கும் புது டயர் போடச் சொன்னார். இரண்டாவது வேலையாக, சுவரில் ஓர் அட்டவணை ஒட்டினார். லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் தர வேண்டும். தந்தால் பச்சை மை, தராவிட்டால் சிவப்பு மை. மூன்று மாதம் தொடர்ந்து சிவப்பு என்றால் சாவியை ஒப்படைத்துவிட்டு லேபிள் அறைக்குப் போக வேண்டும்.

அக்காவுக்கு இரண்டு மாதம் சிவப்பு.

அட்டவணையின் உச்சியில் இருந்தவர் நியூட்ரல் அண்ணன். பதினெட்டு புள்ளி எட்டு. சாலையில் சரிவு தெரிந்தாலே கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, வண்டியை உருள விடுவது அவர் கொள்கை. அதிகாரி அவரை மேடையேற்றி மற்ற ஓட்டுநர்களுக்கு வகுப்பு எடுக்க வைத்தார். வகுப்பு நாற்பது நிமிடம் நடந்ததாம். அதன் சாரம் ஒரே சொல்தான், அது அவர் பெயரிலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"டேய் படிச்சவனே, என் வண்டி ஏன்டா இப்படிக் குடிக்குது?"

எனக்குப் புல்லரித்தது. நான்கு வருடப் படிப்பை நம்பி என் வீட்டார் அதுவரை என்னிடம் கொடுத்தது ஒரு மிக்ஸியை மட்டும்தான். அதுவும் சரியாகவில்லை. உடனே ஒரு நோட்டை எடுத்தேன்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"புது டயர் போட்டதுலேர்ந்துன்னுதான் நினைக்கிறேன். சீட்ல உக்காந்தா முன்ன விட உசரமா இருக்கு. பைபாஸ்ல கிலோமீட்டர் கல்லு நிக்குதில்ல, அதுக்கும் மீட்டருக்கும் ஒத்தே வரல."

"உசரம்ங்கிறது உன் மனப்பிரமை. கல்லு எவன் நட்டதோ, அளந்தா நட்டிருப்பான்? விடு, முக்கியமானதைச் சொல்லு."

"இதைத்தான் சொல்ல வந்தேன்" என்றாள்.

நான் நோட்டில் "குறைபாடு" என்று தலைப்பிட்டு, அடியில் "ஓட்டுநர்" என்று எழுதினேன்.

மறுநாள் முதல் அவளோடு காரில் போனேன். மடியில் நோட்டு, வாயில் விதிகள். என்ஜின் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றைத் தாண்டுவதற்குள் அடுத்த கியருக்குப் போ என்றேன். அவள் ஏற்கெனவே போயிருந்தாள். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடு என்று சொல்ல வாயைத் திறந்தபோது கால் அதில் இல்லை. கிளட்சின் மேல் பாதத்தைச் சும்மா வைக்கிற பழக்கம் இல்லை. கிளினிக் வாசலில் என்ஜினை அணைத்துவிட்டுத்தான் இறங்கினாள். திங்கட்கிழமை தோறும் காற்று பார்க்கிறாள். எனக்கு லேசாகக் கோபம் வந்தது.

சரிவில் இறங்கும்போது கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது. இந்தக் கால என்ஜினில், கியரில் இருந்தபடியே காலை எடுத்தால் பெட்ரோல் போவது நின்றுவிடும். சக்கரமே என்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால் அணையாமல் இருக்கவாவது அது குடித்தாக வேண்டும். இதை விளக்கி அண்ணனின் கொள்கையை உடைக்கலாம் என்று இருந்தேன்.

"நான்தான் நியூட்ரல் பண்றதே இல்லையே" என்றாள் அக்கா. "பண்ணினா வண்டி என் கையில இல்லாத மாதிரி இருக்கு. பயமா இருக்குடா."

காரணம் தவறு, விடை சரி. கல்லூரியில் இதற்கு மதிப்பெண் கிடையாது.

சொல்லித்தர எதுவுமே மிஞ்சாததால் நானே ஓட்டிக் காட்டுவதென்று முடிவு செய்தேன். கடைசி கிளினிக் ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. உயர்ந்த கியர், குறைந்த சுற்று, குறைந்த பெட்ரோல் என்ற தத்துவத்தை நெஞ்சில் நிறுத்தி நான்காவது கியரில் ஏறினேன். பாதி மேட்டில் கார் இரண்டு தடவை குலுங்கி நின்றது. ஐஸ் பெட்டி பின்சீட்டில் சறுக்கி, குழாய்கள் கலகலவென்று சத்தம் போட்டன. பின்னால் ஒரு வேன், ஒரு பஸ், எல்லோரிடமும் ஹாரன்.

"மொத்தம் எத்தனை கியர்னு காலேஜ்ல சொல்லித் தரவே இல்லையா?" என்றாள் அக்கா. "எறங்கு. ரத்தம் குடுத்தவங்க பாவம்."

அந்த வாரம் மைலேஜ் இன்னும் கொஞ்சம் குறைந்தது. அதை நான் நோட்டில் எழுதவில்லை.

மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. அக்கா லேபிள் அறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்ததாக அம்மாவிடம் சொன்னாள். ஸ்டூலை மாற்றிவிட்டார்களாம். சாவி அன்றும் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் காலை நான் நோட்டு இல்லாமல்தான் போனேன். வாகனம் நிறுத்துமிடத்தில் அவள் காருக்குப் பக்கத்தில் நியூட்ரல் அண்ணனின் கார் நின்றது. அக்காவினுடையது சின்ன மாடல், அவருடையது பெரியது. காற்று பார்க்கக் குனிந்த அக்கா, அப்படியே நிமிர்ந்து இரண்டு கார்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணே, உங்க வண்டி ஏன் குனிஞ்சு நிக்குது?"

"வயசாகுதில்ல தங்கச்சி" என்றார் அண்ணன், டீயை ஆற்றிக்கொண்டே.

"அதுக்கு வயசானா என் வண்டி ஏன் வளருது?" அக்கா என் பக்கம் திரும்பினாள். "டேய், இங்க வா. கதவோரமா ஒரு நம்பர் ஒட்டியிருக்கு, டயர்ல ஒரு நம்பர் இருக்கு. ரெண்டையும் படி. அதுக்குத்தானே படிக்க வெச்சோம்."

படித்தேன். கதவில் இருந்தது அந்தக் காருக்கு உரிய டயர் அளவு, டயரில் இருந்தது வேறு. அண்ணன் காரிலும் வேறு. அவருக்கு வர வேண்டிய பெரிய டயர் நான்கும் அக்கா காரில். அக்காவின் சின்ன டயர் நான்கும் அவர் காரில்.

மெல்லிய குரலில் விளக்கினேன்: மீட்டருக்குச் சாலை தெரியாது, சக்கரம் சுற்றுவதைத்தான் எண்ணும். பெரிய சக்கரம் அதே தூரத்துக்குக் குறைவாகச் சுற்றும்.

"அப்ப நான் ஓட்டின தூரத்தை மீட்டர் முழுசா சொல்லல."

"ஆமா."

"கல்லு சரியாத்தான் இருக்கு."

"ஆமாக்கா."

"உசரமும் நெசம்."

நான் டயர் எண்ணை இன்னொரு தடவை படிக்கிறவன்போல் குனிந்தேன்.

டயர் மாட்டிய ஸ்டோர்காரரைக் கேட்டோம். "கறுப்பா இருந்துச்சு, ரவுண்டா இருந்துச்சு, மாட்டினோம்" என்றார்.

அதிகாரி அதைவிடத் தெளிவாக இருந்தார். "ஏம்மா, அட்டவணையில டயருக்குக் கட்டமே இல்லையே. நான் என்ன பண்ண முடியும்?" நான் முன்னால் வந்து, விட்டம், சுற்றளவு என்று ஆரம்பித்தேன். அவர் கண்கள் ஜன்னலுக்குப் போயின. என் கண்களும் ஒருகாலத்தில் இதே பாடத்தில் அங்கேதான் போயின.

அக்கா சாவியை மேசைமேல் வைத்தாள்.

"சார், இது உங்ககிட்ட வர இன்னும் ரெண்டு நாள் இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை என் வண்டியில வாங்க. நான் ஓட்டுறேன், நீங்க கல்லை எண்ணுங்க."

போனார். விரல் விட்டு எண்ணினார். நாற்பது கல் தாண்டியபோது மீட்டர் முப்பத்தெட்டு காட்டியது. நம்பாமல், திரும்பும்போதும் எண்ணினார். மறுபடி நாற்பது, மறுபடி முப்பத்தெட்டு. பின்சீட்டில் ஐஸ் பெட்டியோடு நான் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

கணக்கைத் திருத்தியபோது அக்காவின் பதினேழு புள்ளி இரண்டு, பதினெட்டு புள்ளி ஒன்றானது. பச்சை. அதே நியாயத்தில் நியூட்ரல் அண்ணனின் பதினெட்டு புள்ளி எட்டு, பதினேழு புள்ளி ஒன்பதாக இறங்கியது. சிவப்பு. மேடையேற்றி வகுப்பெடுக்க வைத்த ஆளுக்கே சிவப்பு மை போட அதிகாரிக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலை பார்த்தால் அட்டவணையின் மேலே பதினெட்டு பதினேழாகியிருந்தது. எல்லோரும் பச்சை. சிறந்த நிர்வாகம் என்று மேலிடம் பாராட்டியதாகக் கேள்வி. அண்ணன் இன்றும் நியூட்ரலில்தான் உருள்கிறார்.

டயர்களை மாற்றிய அன்று அக்கா வீட்டுக்கு வந்ததும் சாவியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உம்மென்று உட்கார்ந்தாள்.

"இப்ப என்னக்கா? கல்லும் மீட்டரும் ஒத்து வருதில்ல?"

"வருது. ஆனா உசரம் போயிடுச்சேடா. முன்னாடி போற வண்டிக்கு மேல எட்டிப் பாத்து பழகிட்டேன். சிக்னல் சீக்கிரமே தெரியும்."

நான் எழுந்து, இரண்டு வருடமாக உட்கார்ந்து வேலை தேடிக்கொண்டிருந்த நாற்காலியிலிருந்து மெத்தையை உருவி அவளிடம் கொடுத்தேன். அவள் அதை அமுக்கிப் பார்த்தாள்.

"நல்லா அமுங்கியிருக்கே. ஓரளவுக்கு உழைச்சிருக்கடா" என்று சொல்லிவிட்டு, சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.