வகுபடாத டிக்கெட்

பிஷ்கெக்கில் நான் டிராலிபஸ் ஓட்டிய காலத்தில் என் வண்டிக்குக் கண்டக்டர் உல்கான். டிக்கெட் எண்ணைப் பார்ப்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான். முதல் மூன்று இலக்கங்களின் கூட்டும் கடைசி மூன்றின் கூட்டும் சமமாக இருந்தால் அது ராசியான டிக்கெட். அதிர்ஷ்டம் ஒட்டிக்கொள்ளும் என்று நின்ற இடத்திலேயே மென்று விழுங்கிவிடுவார்கள். உல்கானுக்கு அந்த ராசியில் அக்கறை இல்லை. அவள் தேடியது பகா எண்களை.

அதிலும் 999983 என்றால் உயிர். ஆறு இலக்கப் பகா எண்களில் அதுதான் பெரியது. ஆயிரத்துக்குக் கீழுள்ள நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்களாலும் வகுத்து (அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை), பதினோரு நாள் மதிய ஓய்வைத் தொலைத்து, தானே உறுதி செய்துகொண்டிருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை அந்த எண் இருந்த சுருள் அவள் கைக்கே வந்தது. கண்டக்டர் டிக்கெட்டை எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. "எந்தப் பாவிக்குப் போகப்போகுதோ!" என்று காலையிலிருந்து புலம்பினாள்.

போனது பெய்ஷென் என்ற தச்சருக்கு. அவர் கூட்டிப் பார்த்தார்: இருபத்தேழு, இருபது. உதட்டைப் பிதுக்கி, கொறித்துக்கொண்டிருந்த சூரியகாந்தி விதையின் தோலை டிக்கெட்டிலேயே துப்பினார்.

"ஐயோ, அதுல துப்பாதீங்கண்ணே!"

"ஏம்மா, தங்கத்துல அடிச்சிருக்கா?"

"அது எதாலயும் மீதியில்லாம வகுபடாது. ஒண்ணாலயும் தன்னாலயும்தான் வகுபடும்."

"எங்க மாமியார் மாதிரி. சரி, ஏழால?"

"அஞ்சு மீதி."

"பதிமூணால?"

"பத்து மீதி."

பின்னாலிருந்த துணிக்கடை அம்மா கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்து, "சரியாத்தான் சொல்றா!" என்று கத்தினாள். வண்டியே சூடுபிடித்துவிட்டது. ஆளாளுக்கு எண்களை வீசினார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. "பத்தொன்பது!" என்று கூவிக்கொண்டே திருப்பத்தில் வண்டியை ஒடித்தேன். கூரைமேலிருந்து மின்சாரம் எடுக்கும் கொம்புகள் மின்கம்பியை விட்டு நழுவின, வண்டி நின்றது.

"பதிமூணு மீதி. ரோட்டைப் பாருங்கண்ணே!"

நான் இறங்கிக் கொம்புகளை மாட்டிவிட்டு வருவதற்குள் பெய்ஷென் டிக்கெட்டை ஊதித் துடைத்துத் தொப்பிக்குள் வைத்துவிட்டார்.

"அதைக் குடுங்கண்ணே, வேற தர்றேன்."

"இவ்வளவு பெருமை சொன்னப்புறமா? ஆசையைப் பாரு!"

சுருளில் மிச்சமிருந்த பதினாறு டிக்கெட்டுகளையும் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கிழித்தாள்.

திங்கட்கிழமை பெய்ஷென் ஒரு நோட்டோடு ஏறினார். "பிடிச்சுட்டேன்! நாப்பத்தேழால வகுபடுது!"

உல்கான் வாங்கிப் பார்த்தாள். "கடன் வாங்கிக் கழிச்சதுல தப்பு. பதினொண்ணு மீதி வரணும்."

அவர் விடவில்லை. தினமும் ஏறி, தன் நிறுத்தம் வரும்வரை சண்டை போட்டார். ஒரு மாதத்தில் ஆயிரத்துக்குள் கடைசிப் பகா எண்ணான 997ஐயும் தாண்டினார். அன்று தொப்பியைக் கழற்றி, டிக்கெட்டை எடுத்து நீட்டினார். "இந்தாம்மா. என்னால உடைக்க முடியல."

உல்கானின் கை பாதி நீண்டது. பிறகு பின்வாங்கிக்கொண்டாள். "நீங்களே வச்சுக்கங்கண்ணே. உங்களை மாதிரி அதுக்கு உழைச்சவங்க இந்த வண்டியில வேற யாரும் இல்ல."

"நீ இருக்கியே?"

"எனக்கு அது மனப்பாடம்."

அவர் டிக்கெட்டைத் தொப்பிக்குள் திரும்ப வைத்தார். பிறகு, "இதுக்கு அடுத்தது எது?" என்றார்.

"பத்து லட்சத்து மூணு."

பென்சிலை எடுத்து மூன்றால் வகுக்கத் தொடங்கினார். அவர் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது. போனது. நானும் உல்கானும் அவரிடம் சொல்லவில்லை.