ஏணை ரூம்

ஆம்பூருக்கு வெளியே உள்ள ஒரு ஷூ கம்பெனியில் எழிலரசி இருபத்தேழு வருடமாக ஷூவின் மேல்பாகம் தைக்கிறாள். ஒரு திங்கட்கிழமை எச்.ஆர். ஹேமந்த் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தான். கம்பெனி தன் சமூகப் பொறுப்பு நிதியில் ஒடுகத்தூர் பக்கம் ஓர் அங்கன்வாடி கட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. ஷூ வாங்கும் ஜெர்மன் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் வருகிறார்.

“உங்கள மாதிரி பழைய ஆளு யாரும் இல்லக்கா. இத அப்டியே படிச்சிட்டா போதும்.”

தாளில் குழந்தைகள், எதிர்காலம், நன்றி என்றெல்லாம் இருந்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் அதைப் படித்துக்கொண்டு வந்தவளுக்கு ஏணை ரூம் ஞாபகம் வந்துவிட்டது.

கம்பெனியை ஆரம்பித்த அப்துல் சமத் பாய் காலத்தில் அது வெறும் தகரக் கொட்டகை. அறுபது பெண்கள் தைத்தார்கள். வரிசையின் கோடியில் ஒரு சின்ன ரூம். விட்டத்தில் பழைய சேலைகளைக் கட்டி ஏணைகள் தொங்கும். எழிலரசியின் மகன் மதியழகன் நாலாவது மாதத்தில் அங்கே வந்தான். அத்தனை மிஷின் சத்தத்திலும் அவன் அழுகை மட்டும் அவளுக்குத் தனியாகக் கேட்கும். ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவாள், யாரும் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட வஜீதா, எந்த ஏணையில் யார் பிள்ளை என்று சேலைக் கரையை வைத்தே சொல்லிவிடுவாள். ஆட்டிக்கொண்டே உருதுவில் பாடுவாள். மதி முதலில் பேசிய சொல்லே ‘பானி’தான். தண்ணீருக்கு அவன் அப்படிக் கேட்டதும் எழிலரசியின் மாமியார் திகைத்துப் போனாள். பாய் அந்தப் பக்கம் வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார், பிள்ளைகள் முழித்துக்கொள்ளக் கூடாதென்று.

அந்தக் காலத்தில் குறையே இல்லை என்று எழிலரசி சொல்ல மாட்டாள். பசை நெடி அந்த ரூமுக்குள்ளும் வரும், பிள்ளைகள் இருமும். தோல் பதனிட்ட தண்ணீர் எங்கே போகிறது என்று அப்போது யாரும் கேட்டதில்லை. ஆனாலும் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் மடியில் பிள்ளை இருந்தது.

பாய் போனபிறகு மகன் ஒவைஸ் பெரிய கட்டடம் கட்டினார். அதில் ‘குழந்தைகள் காப்பகம்’ என்று பலகை மாட்டிய ஓர் அறை உண்டு. உள்ளே அட்டைப்பெட்டிகள். போன மாதம் பக்கத்து மிஷின் அம்பரீன், ஆறு மாதப் பிள்ளையை விட்டு வரமுடியாமல் வேலையை விட்டாள்.

வெள்ளிக்கிழமை அங்கன்வாடி நன்றாகத்தான் இருந்தது. சுவரெல்லாம் யானை, மயில். எழிலரசி தாளில் இரண்டு வரி படித்தாள். அதற்குமேல் ஓடவில்லை. தாளை மடித்துவிட்டு ஏணை ரூமைப் பற்றிப் பேசினாள். வஜீதாவைப் பற்றி, அட்டைப்பெட்டிகளைப் பற்றி, அம்பரீனைப் பற்றி. ஹேமந்த் அதை ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியத்தில் முடித்தான். ஜெர்மன் அம்மாள் கைதட்டி, அவளைக் கட்டிக்கொண்டார்.

கம்பெனி கேமராக்காரர் முழுப் பேச்சையும் அப்படியே வலைப்பக்கத்தில் ஏற்றிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அது எல்லோர் போனிலும் ஓடியது. திங்கட்கிழமை ஒவைஸ் கூப்பிட்டார்.

“இன்னாம்மா, உள்ளயே சொல்லியிருக்கலாமே?”

“மூணு வாட்டி ஆலோசனைப் பொட்டில எழுதிப் போட்டேன் சார்.”

அவர் சத்தம் போடவில்லை. “அங்கன்வாடி கட்டுன ஃபண்ட நம்ம ஆளுங்களுக்குன்னு செலவு பண்ண ரூல் கெடையாதும்மா. வெளிய ஊர் ஜனங்களுக்குத்தான் செய்யணும்.”

“அப்போ நாங்க ஊர் ஜனம் இல்லயா சார்? சரி, அந்த ஃபண்டே வேணாம். பாய் எந்த ஃபண்டுல கட்டுனாரு?”

அன்று சாயங்காலம் வீடியோவை எடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். நின்றே செய்யும் வேலை. ராத்திரி முட்டி வலித்தது. பேசாமல் தாளைப் படித்திருக்கலாமோ என்று சில நாள் தோன்றியது.

மூன்று மாதம் கழித்து, ஜெர்மன் கம்பெனி ஆய்வுக்கு வருவதற்கு முந்தின வாரம், காப்பகத்திலிருந்து அட்டைப்பெட்டிகள் போயின. நாலு தொட்டில், ஒரு ஃபேன், பார்த்துக்கொள்ள ஒரு பெண். அவள் பேச்சாலா, ஆய்வுக்குப் பயந்தா என்று யாரும் சொல்லவில்லை. எழிலரசியை மறுபடி தையல் வரிசைக்கு அனுப்பினார்கள்.

அன்றே அவள் அம்பரீனுக்குப் போன் செய்தாள்.

“இனிமே எங்கக்கா வர்றது? வீட்லயே பீஸுக்கு இவ்ளோன்னு ஷூ தைக்கிறேன். காசு கம்மிதான். ஆனா புள்ள பக்கத்துலயே கீறான்.”

எழிலரசி வற்புறுத்தவில்லை. பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டாள். கீழே இரண்டு முளைத்திருந்தது.