நாலாவது புள்ளடி

1993ஆம் ஆண்டு பங்குனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, மாகாண சபைத் தேர்தலுக்கு வேட்புமனுக் கொடுக்க மார்ஜரி எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மாவட்ட அரசு அலுவலகமான மாத்தளைக் கச்சேரிக்குப் புறப்பட்டாள். வேனின் முன்சீட்டில் அவளை உட்காரவைத்து மாலை போட்டது தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் மாதர் தலைவி சந்திரகாந்தாதான். அந்த முன்சீட் தனக்கென்று அவள் வெகுநாளாக நம்பியிருந்தாள்.

நம்பக் காரணம் இருந்தது. எழுபத்தேழுத் தேர்தலில் அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் வாக்குள்ளவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், மற்றவர்களெல்லாம் நாடற்றவர்கள். தொகுதிக்கு நின்றவரின் ஜீப் கடைவீதியோடு திரும்பிவிடும். வாக்கில்லாத லயத்துக்கு அவர் ஏன் ஏற வேண்டும்? பிறகு பிரஜாவுரிமை கொடுக்கத் தொடங்கியபோது, கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு வீடு வீடாகப் போய் ஆட்களைத் திரட்டிக் கச்சேரிக்கு அழைத்துப் போனவள் சந்திரகாந்தா. தோட்டத்துக்கு வாக்கு வந்ததே தன்னால்தான் என்று அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

மார்ஜரி கிளார்க்கர் ரபாயேலின் மகள். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விடும் பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்து மலையில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. “சிங்களம் நல்லாப் பேசுவாங்க, சபையில எழும்பி நிக்கிறதுக்கு அது வேணும்” என்றார், வேட்பாளரைத் தேர்ந்த கூட்டத்தில் சங்கப் பிரதிநிதி. கூட்டத்தில் தலையாட்டிவிட்டு வந்த சந்திரகாந்தா, வீட்டில் சோற்றுப்பானையை அடுப்பில் மோதுகிறாற்போல் வைத்தாள்.

“நல்ல புள்ளதானே அது” என்றார் கணவர் நல்லையா.

“நல்ல புள்ளதான். சீலைக்கு ஏத்த நெறத்துல கொடை வச்சிருக்கா. நீங்க வேணும்னா கூடப் போயி புடிங்க.”



கட்சிக்கு மாவட்டம் முழுவதற்கும் ஒரே பட்டியல். வாக்குச்சீட்டில் கட்சிக்கு ஒரு புள்ளடி, அதாவது ஒரு பெருக்கல் குறி. அதற்குக் கீழே, பிடித்த வேட்பாளர்களின் இலக்கங்களில் மூன்றுக்கு மட்டும் விருப்பு வாக்கு. அது கூடக் கிடைத்தவருக்குத்தான் சபையில் இடம். நாலு போட்டால் கட்சி வாக்கு செல்லும். விருப்பு வாக்கு அத்தனையும் செல்லாமல் போய்விடும். இதைச் சங்கத்தில் விளக்கி, லயங்களில் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைச் சந்திரகாந்தாவிடம் விட்டார்கள்.

அதே பட்டியலில் நின்ற டவுன்காரர்கள் மூன்று பேர் அதற்குள் லயத்துக்கு வந்து, பிளேன்டீ குடித்து, கும்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தன் வீட்டில் தேத்தண்ணி குடித்தவரை ஏமாற்றத் தோட்டத்தில் யாருக்கும் மனம் வராது.

“மூணு பேருக்கும் போடுறோம்னு வாக்குக் குடுத்துட்டோமே தலைவி. மார்ஜரியோ நம்ம புள்ள. யாரை விடுறது?” என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கேட்டாள் லயத்துக் காத்தாயி.

டவுன்காரரில் ஒருவரை விடு என்று சொன்னால் போதும். சந்திரகாந்தா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“யாரையும் ஏன் விடணும்? நாலு பேருக்கும் போடுங்க. யாரு மனசும் நோகாது.”

காத்தாயிக்கு அது நியாயமாகப் பட்டது. அந்தப் பேச்சு பீலியிலிருந்து கொழுந்து மலைக்கும், அங்கிருந்து மேல் லயத்துக்கும் தானாகவே ஏறியது.

மார்ஜரி தோற்றாள். டவுன்காரரில் ஒருவர் வென்றார். பிறகு அவர் பிளேன்டீ குடிக்க வரவேயில்லை. சபையில் தோட்டத்துக்கென்று பேச அந்த முறையும் ஆளில்லை.

சந்திரகாந்தாவுக்கு அப்போதும் ஆறவில்லை. தோற்றவளைப் பார்க்க லயமே திரண்டு போய் “பாவம் எங்க மார்ஜரி” என்று உருகியது. தனக்காக ஒருவரும் இப்படி வருந்தியதில்லையே என்று வயிறு எரிந்தது. மார்ஜரி கல்யாணமாகி நீர்கொழும்புக்குப் போனபோது அதற்கும் எரிந்தது. அடுத்தடுத்த தேர்தல்களில் சங்கம் யார் யாரையோ நிறுத்தியது. அவளை ஒருவரும் கேட்கவில்லை.

2008 கடைசியில் மறுபடியும் மாகாண சபைத் தேர்தல் அறிவிப்பு வந்தது. மார்ஜரியின் தம்பி நோபர்ட் நீர்கொழும்புக்குப் போய்வந்த கையோடு சந்திரகாந்தாவின் வாசலில் வந்து நின்றான்.

“மார்ஜரி அக்கா உங்ககிட்ட ஒரு சேதி சொல்லச் சொன்னுச்சு தலைவி. எனக்கு ஒண்ணும் வெளங்கல, சொன்னபடியே சொல்றேன். இந்த முறை பொம்பளைங்கள்ல யாரைப் போடலாம்னு, முன்ன நின்ன ஆளுங்கறதால சங்கத்துல அதுகிட்ட கேட்டாங்களாம். ஒங்க பேரைத்தான் சொல்லியிருக்கு. அன்னைக்கு வாக்கு எண்ணுன எடத்துல நம்ம தோட்டத்து வாக்கு நாலு நாலு புள்ளடியோட கெடந்ததை அது பாத்துச்சாம். இது வரைக்கும் யாருகிட்டயும் சொல்லலியாம். நீங்க நின்னா, ஒங்களுக்கு மட்டும் போட்டாப் போதும்னு சனங்களுக்குச் சொல்லிக்குடுக்கச் சொன்னுச்சு.”