எதிர்க்கடை எத்திராஜின் படம்

அன்று காலை பத்தே முக்கால் ஆகியும் எதிர்க்கடை ஷட்டர் ஏறவில்லை. பதினெட்டு வருஷமாக நான் வரும்போதெல்லாம் எத்திராஜ் கடையைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, வலைப்பையில் பந்துகளை நிரப்பி வாசலில் தொங்கவிட்டிருப்பான். அன்று பந்தும் இல்லை, அவனும் இல்லை.

அப்போது எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'மூடிட்டானா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம மூடிட்டானா?' என்றுதான் தோன்றியது. மனுஷனுக்கு என்ன ஆயிற்றோ என்று நினைக்கவில்லை, கடைக்கு என்ன ஆயிற்றோ என்று பதறினேன். போன் போட்டேன், எடுக்கவில்லை. நாலாவது தடவை அவன் மனைவி தேவி எடுத்தாள். "அண்ணா, அவரு போயிட்டாருண்ணா" என்றாள். கோட்டூர்புரம் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அவனுக்கு வயது ஐம்பத்திரண்டு. எனக்கு அறுபது. பாதி ஏற்றியிருந்த என் ஷட்டரை இறக்கிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

பதினாறாம் நாளுக்கு அடிக்கும் நோட்டீஸில் போட நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று நம் தெரு வியாபாரிகள் கேட்டார்கள். நாலு வரியில் அடங்கவில்லை. 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல இருந்தது. அதனால் 'அவன்' என்றே எழுதுகிறேன். அவனும் என்னை முதல் நாளிலிருந்து 'நீ' என்றுதான் கூப்பிட்டான்.

மயிலாப்பூரில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் இந்தத் தெருவில் ஒரு காலத்தில் நாலு பொம்மைக் கடைகள் இருந்தன. ஒன்று செல்போன் கவர் விற்கும் கடையாயிற்று. இன்னொன்றில் ஜூஸ் போடுகிறார்கள். மிச்சம் இருந்தது எத்திராஜும் நானும். இப்போது நான் மட்டும். அதுவும் இந்த மாதக் கடைசி வரைக்கும்தான் நிச்சயம் என்றிருந்தது. அதற்குள் இன்னும் மூன்று வருஷம் இருக்கிறேனா, காலி செய்கிறேனா என்று கட்டடத்துக்காரர் பதில் கேட்டிருந்தார். எத்திராஜ் போன நாளில் மாதம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது.

நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. மழை வந்தாலும் கவலை, வராவிட்டாலும் கவலை என்று என் மனைவி சொல்வாள். அப்படிப்பட்டவனின் கடைக்கு நேர் எதிரே, இருபதடி தூரத்தில், ஒருவன் பொம்மைக் கடை போட்டால் எப்படி இருக்கும்? ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள், ஏதோ வாங்க வந்தவன் மாதிரி உள்ளே போனேன். எத்திராஜ் ஏற இறங்கப் பார்த்தான். "நீ எதிர்க்கடைதானே? உக்காருண்ணா. நீ இன்னா இன்னா வெக்கிறேன்னு சொல்லு, அத்த நான் வெக்க மாட்டேன்" என்றான். கேரம் போர்டு, பிளாக்ஸ், சதுரங்கம் எல்லாம் எனக்கு. பந்து, பம்பரம், தண்ணீர்த் துப்பாக்கி, சாவி கொடுத்தால் தாளம் தட்டும் குரங்கு எல்லாம் அவனுக்கு. இதில் ஏதோ சூது இருக்கிறது என்று ஒரு வருஷம் காத்திருந்தேன். கேரம் போர்டு கேட்டு வந்தவர்களை அவன் என் பக்கம் கைகாட்டி அனுப்பிக்கொண்டே இருந்தான். சூது எதுவும் கடைசி வரை வரவில்லை.

பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. கடைக்குள் வருவார்கள், பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், என் கண்ணெதிரேயே அதே பொம்மையை போனில் தேடுவார்கள், "அப்புறம் வர்றோம் சார்" என்று போய்விடுவார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரியும். 'இங்கே போட்டோ எடுக்கக் கூடாது' என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை எழுதி வாசலுக்கு மேலே மாட்டினேன்.

ஒரு மத்தியானம் ஒரு பெண் வந்து மர ரயிலைப் படம் எடுத்தாள். பலகையைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. நான் கத்திவிட்டேன். பெட்டியின்மேல் கையை வைத்து மறைத்தேன் என்று சொல்லவே இப்போது வெட்கமாக இருக்கிறது. அவள் போனை இறக்கிவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "பொண்ணு அடையாறுல ஆஸ்பத்திரில இருக்கா சார். கால்ல ஆபரேஷன். அவளுக்கே எது வேணும்னு காட்டலாம்னுதான் எடுத்தேன்." நான் வாய் திறப்பதற்குள் இறங்கிப் போய்விட்டாள். நேரே எதிர்க்கடைக்கு.

நான் என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எத்திராஜ் ஒவ்வொரு பொம்மையாக எடுத்துக்கொண்டு தானே அவள் போன் முன்னால் வந்து நின்றான். பந்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு ஒரு படம், குரங்கைத் தோளில் உட்கார வைத்து ஒரு படம், மஞ்சள் ரப்பர் வாத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஒரு படம். அந்தக் குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வாத்தைத்தான் கேட்டதாம்.

அவள் போனதும் இரண்டு கிளாஸ் டீயோடு தெருவைத் தாண்டி வந்தான்.

"இன்னாண்ணா, அந்தப் பொண்ணு கண்ணு கலங்கிக்கினு வருது. நீ பொம்மைக் கடை வெச்சிக்கினு கீறியா, போலீஸ் ஸ்டேஷன் வெச்சிக்கினு கீறியா?"

"எல்லாரும் படம் எடுத்துட்டுப் போய் போன்ல வாங்கறாங்க எத்திராஜ். நம்ம கடை வேடிக்கை பார்க்கிற இடமாப் போச்சு."

"போவட்டும்ணா. படம் எடுக்கறவன் இன்னா திருடனா? யோசிச்சிக்கினு கீறவன், அவ்ளோதான். யோசிக்கசொல்ல நம்ம மூஞ்சி அவன் கையில கெடக்கட்டுமே. பொம்மை போன்ல வரும். இந்த மூஞ்சி வருமா?"

அன்றிலிருந்து அவன் கடையில் யார் போனைத் தூக்கினாலும் எத்திராஜ் ஓடிவந்து பொம்மையைக் கையில் எடுத்துக்கொள்வான். "படம்னா நானும் வருவேன், வாடகை கேக்க மாட்டேன்" என்பான். நான் என் பலகையைக் கழற்றவில்லை. தப்பு என்று தெரிந்தது, ஆனாலும் கழற்றவில்லை.

அதற்குப் பிறகு மெட்ரோ வேலைக்காக நடுத்தெருவில் தகரம் அடித்தார்கள், அது உங்களுக்கும் தெரியும். ஆளுயரத்துக்கும் மேலே தகரம். என் கடையிலிருந்து அவன் கடை தெரியாது, மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கடையுமே தெரியாது. நாள் முழுக்க யாரும் படியேறாத நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் எத்திராஜ் ஸ்டூல் போட்டு ஏறி நின்று சோப்புக் குமிழி ஊதுவான். அது தகரத்தைத் தாண்டி மெயின் ரோட்டுப் பக்கம் போகும். ஸ்கூட்டரில் போகிற குழந்தை கையை நீட்டும், வண்டி ஓரம் கட்டும். ஆனால் தகரத்தில் ஆள் நுழைகிற ஒரே இடைவெளி என் கடைப் பக்கம். அதனால் அவன் ஊதி வரவழைத்தவர்களில் பாதிப்பேர் என் கடைக்குத்தான் வந்தார்கள். மனசு கேட்காமல் அவனிடமே இதைச் சொன்னேன். "வரட்டும்ணா. ரெண்டு கடை இருந்தாதான் இது பொம்மைக் கடைத் தெரு. இல்லாங்காட்டி நான் தனியாக் குந்திக்கினு குமிழி ஊதற பைத்தியம்" என்றான்.

கவலை எனக்கு மட்டும்தான், அவனுக்குக் கிடையாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் மழைக்கு என் கடையில் ஒதுங்கினான். டீ கிளாஸோடு ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான். அது அவன் வழக்கமே இல்லை.

"ண்ணா, ஒண்ணு கேட்டா செய்வியா?"

"சொல்லு."

"நீ மூடறதா இருந்தா என்னாண்ட சொல்லிட்டு மூடு. காத்தால பத்தரைக்கு நீ ஷட்டர் ஏத்தற சத்தம் கேக்கும் பாரு, அது கேட்டாதான் எனக்கு மூச்சே வருது. அஞ்சு நிமிஷம் லேட்டானா வாசலுக்கு ஓடியாந்துடறேன். இன்னிக்கு மூடிட்டாம்பா, நம்ம ஆளு போய்ட்டாம்பான்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தான், ஆனால் கை டீ கிளாஸை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. தினமும் அதே நேரத்தில் தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்று அவன் ஊதும் குமிழி வருகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் அவனிடம் சொன்னேன். சொல்லாமல் மூடுவதில்லை என்று அவனுக்கு நான் வாக்குக் கொடுத்தேன், எனக்கு அவன் கொடுத்தான். நான் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

தகரத்தை எடுத்து ஏழெட்டு மாதம் ஆகிறது. வெளிச்சம் வந்தது, அகலமான நடைபாதை வந்தது, காப்பிக் கடைக்காரர்கள் இடம் பார்க்க வந்தார்கள். எங்கள் வாடிக்கையாளர்களில் பலர் எங்களை மறந்துவிட்டிருந்தார்கள். எத்திராஜ் மட்டும் பழையபடி பந்துகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான்.

தகனம் முடிந்த இரண்டாம் நாள் தேவி கேட்டாள், "மாலை போட ஒரு போட்டோ இல்லண்ணா." வீட்டில் இருந்தது இரண்டே படம். ஒன்று கல்யாணத்தில் எடுத்தது, அதில் ஒல்லியாக மீசை வைத்த யாரோ ஒருவன். இன்னொன்று ஆதார் அட்டையில், பிடித்துக்கொண்டு வந்து நிறுத்திய மாதிரி. மனுஷன் ஊரார் போனிலெல்லாம் நின்று சிரித்தவன், சொந்த வீட்டில் உருப்படியாக ஒரு படம் இல்லை. ஒரு வெள்ளை அட்டையில் எழுதி அவன் ஷட்டரில் ஒட்டினேன்: 'எத்திராஜ் காலமாகிவிட்டார். அவர் பொம்மையோடு நிற்கும் படம் உங்கள் போனில் இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள்.' கீழே என் நம்பர்.

முதல் நாள் ஒன்றும் வரவில்லை. போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படம் எடுத்தவர்கள் அதையெல்லாம் வைத்துக்கொண்டா இருப்பார்கள், வேலை முடிந்ததும் அழித்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்தத் தெருவில் நாங்கள் இருந்ததே யாருக்கும் ஞாபகம் இருக்காது என்று தோன்றியது.

மறுநாள் காலை ஒன்று வந்தது. மந்தைவெளியிலிருந்து. எத்திராஜ், கையில் பம்பரம். என் அட்டையை யாரோ படம் எடுத்துப் போனில் பரப்பியிருந்தார்கள் போலிருக்கிறது. அப்புறம் வடபழனி, திருவான்மியூர், வெளிநாட்டு நம்பர்கள் என்று வந்துகொண்டே இருந்தது. மட்டையைத் துப்பாக்கி மாதிரி பிடித்த எத்திராஜ். பொம்மையின் தலைக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்த எத்திராஜ். ஒருவர் எழுதியிருந்தார்: 'மன்னிக்கவும் சார். அந்த ரிமோட் காரைக் கடைசியில் நாங்கள் ஆன்லைனில்தான் வாங்கினோம். கார் எப்போதோ உடைந்துவிட்டது. இந்தப் படத்தை மட்டும் அழிக்க மனசு வரவில்லை.' இதே மாதிரி இன்னும் சிலர் எழுதினார்கள். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அழுது தீர்த்தேன்.

தேவி பந்தோடு இருந்த படத்தைத் தேர்ந்தெடுத்தாள். பதினாறாம் நாள் நீங்கள் மாலையோடு பார்க்கப்போவது அதைத்தான். கடையைத் திறப்பதா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. "பாக்கலாம்ணா" என்கிறாள்.

கடைசியாக வந்தது அந்த ஆஸ்பத்திரிக் குழந்தையின் அம்மா அனுப்பிய படம். தலையில் மஞ்சள் வாத்து, முகமெல்லாம் பல். அவனுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அலமாரியில் எதிர்ச்சாரி தெரிந்தது. அதில் என் கடை, கடை வாசலில் நான், இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடுகடுவென்று. என் தலைக்கு மேல் அந்தச் சிவப்பு எழுத்துப் பலகை. பதினெட்டு வருஷத்தில் அவனும் நானும் சேர்ந்து இருக்கும் ஒரே படம் அதுதான். கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: 'பொண்ணு இப்போ நன்றாக நடக்கிறாள்.'

பலகையைக் கழற்றிவிட்டேன். படத்தைப் பிரதி எடுத்து என் கல்லாப் பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். எத்திராஜிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

கட்டடத்துக்காரருக்கு நேற்று போன் செய்தேன். மூன்று வருஷம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரு வருஷம் என்றுதான் வந்தது. அவர் சரி என்றார். பயம் போகவில்லை. இன்று காலை ஒரு அம்மா போனைத் தூக்கியபோது கேரம் போர்டைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். படத்தில் நான் சிரிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், பழகிவிடும்.

அவனுக்குக் கொடுத்த வாக்கை இனி உங்களுக்குக் கொடுக்கிறேன். கடையை மூடுவதாக இருந்தால் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் மூடுவேன். ஒரு நாள் காலை பத்தரைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் என் ஷட்டர் இறங்கியே இருந்தால், வியாபாரம் படுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். வீட்டுக்கு வாருங்கள். வரும்போது உங்கள் போனில் என் படம் ஒன்று இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள்.