பின்னால் ஏற்றிய ஆட்டிறைச்சி

காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற எங்கள் வீட்டுவண்டி, அந்தக் கரவன், பழையது. ஆனாலும் நெடுஞ்சாலையில் மணிக்கு நூறில் இழுத்துப் போகலாம் என்று அதன் முதுகில் ஒரு வில்லை ஒட்டியிருந்தது. அந்த அனுமதி கரவனுக்குத்தான், ஓட்டுகிற ஆளுக்கு அல்ல என்பது, இஷொயில் இருந்து புறப்பட்டு ரிங்ஸ்டெட்டைத் தாண்டியபோதுதான் எனக்கு விளங்கியது.

ஒரு லொறியை முந்தினேன். முந்தி முடிகிற நேரம் கரவன் இடப்பக்கம் ஒருமுறை இழுத்தது, பிறகு வலப்பக்கம், பிறகு இன்னும் பலமாக இடப்பக்கம். கண்ணாடியில் பார்த்தால், கலியாண வீட்டில் இரண்டு கிளாஸ் கூடப் போட்ட சொந்தக்காரரைப்போல ஆடிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காரின் பின்பக்கத்தையும் கூடவே ஆடக் கூப்பிட்டது.

"இஞ்சாருங்கோ, பிரேக்கைப் பிடியுங்கோ," என்றாள் மனைவி.

பின் சீற்றில் மகள். இருபத்துநாலு வயது, தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்கிறவள். பிரேக்கைத் தொடாதே, காலை எடு, ஸ்டியரிங்கை நேரே பிடி என்று டெனிஷில் சொன்னாள்.

நான் இரண்டு பேர் சொல்லையும் கேட்கவில்லை. பயத்தில் என் கால் தானாகவே கழன்றது. நல்ல காலம், அதுதான் செய்ய வேண்டிய காரியமாம். வேகம் அறுபதுக்கு இறங்கியதும் கரவன் நேராகிவிட்டது.

கடலைத் தாண்டும் பெரிய பாலத்துக்கு முன்னால் ஒரு தரிப்பிடத்தில் நிறுத்தினோம். காற்றுப் பலம், கரவன் இழுப்போர் கவனம் என்று வழியில் மின்பலகை ஒளிர்ந்துகொண்டிருந்தது. பாலத்தில் இப்படி ஆடினால் கம்பிக்கு அப்பால் தண்ணீர்தான்.

"இப்பிடியே ஏறுறதெண்டா நீங்கள் தனியப் போங்கோ. நான் ரெயினிலை வாறன்," என்றாள் மனைவி. அவள் பகிடி விடவில்லை. கைப்பையை எடுத்து மடியில் வைத்துவிட்டாள்.

மகள் இறங்கி, தள்ளி நின்று பார்த்தாள். கரவன் பின்னால் குந்திக்கொண்டிருந்தது. அதன் மூக்கு மேலே போய், காரின் கொக்கியையும் தூக்கியிருந்தது. "பின்னுக்கு என்ன கிடக்கு?" இதை மட்டும் தமிழில் கேட்டாள். நிலைமை மோசம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பின்னால் கிடந்தவை: யூலன்ட் கடற்கரையில் கூடாரம் அடித்துக் காத்திருக்கும் மச்சான் வீட்டாருக்காக ஒரு முழு ஆட்டின் இறைச்சி, ஒரு பெட்டி மீன், மீனும் இறைச்சியுமாய் மச்சம் காய்ச்சுகிற இரண்டு பெரிய கிடாரம். எல்லாம் பின்சுவரோடு. காரணம் நான்தான். பயணம் நல்லபடி நடக்கட்டும் என்று கரவனின் முன் யன்னலில் பிள்ளையார் படத்தை ஒட்டியிருந்தேன். சாமிக்குப் பக்கத்தில் மச்சம் வைக்கலாமா? எவ்வளவு தூரம் தள்ளலாமோ அவ்வளவு தூரம் தள்ளினோம்.

"பாரமெல்லாம் நடுவிலை, சில்லுக்கு மேலை வரவேணும்," என்றேன், ஏதோ நான் கண்டுபிடித்ததுபோல.

"நடுவிலை வைச்சா சாமி நேரே பாத்துக்கொண்டெல்லோ இருப்பார்," என்றாள் மனைவி.

"சாமிக்குத் திரைச்சீலையை இழுத்துவிடுவம்."

"உங்கடை கதையும் நீங்களும்."

மகள் பெருமூச்சு விட்டு, சாமி காரில் வரட்டும் என்றாள்.

"காரிலையோ? நேற்று உந்தச் சீற்றிலை இருந்துதானே அப்பா பொல்சை திண்டவர்," என்றாள் மனைவி.

அந்தப் பன்றித் தொத்திறைச்சி விசயம் இவளுக்கு எப்படித் தெரிந்ததோ. கடலுக்கு மேலே காற்று ஏறிக்கொண்டே இருக்க, நான் ஈரத்துணியால் சீற்றைத் துடைத்தேன். இரண்டு முறை, முதல்முறை துடைத்தது காணாதாம். பக்கத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த டெனிஷ்காரத் தம்பதி, ஒரு தமிழன் பாலம் ஏறுமுன் காருக்குத் தீட்டுக் கழிப்பதை மரியாதையாகப் பார்க்காமல் இருந்தார்கள். பிறகு பிள்ளையாரைக் காருக்குள் ஏற்றிவிட்டு, ஆட்டையும் மீனையும் கிடாரங்களையும் நடுவுக்கு இழுத்து, பட்டியால் கட்டினோம். என் இடுப்பு அன்றைக்குப் பிடித்தது, இன்னும் முழுதாக விடவில்லை.

கரவனின் மூக்கு இறங்கியது. மனைவி சுற்றி வந்து பார்த்தாள். "எண்பதுக்கு மேலை போனா அந்த இடத்திலேயே இறங்குவன்," என்று சொல்லி ஏறினாள். கடலுக்கு நடுவில் எங்கே இறங்குவாளோ.

எண்பதிலேயே போனேன். லொறிகள் எல்லாம் என்னை முந்தின. பாலத்தின் கோபுரங்களுக்கு நடுவில் காற்று பக்கவாட்டில் அறைந்தது. கரவன் ஒருமுறை தோளைக் குலுக்கிவிட்டு, பிடித்த கோட்டிலேயே வந்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, மூச்சை எண்ணி விட்டு, பத்தொன்பது இருபது வருச ஓட்டத்தில் ஒருநாளும் ஓட்டாத அழகில் ஓட்டினேன். மறுகரையான ஃபூன் தீவில் சில்லுப் பட்டதும், "பாத்தீரோ?" என்று பெருமையாகத் திரும்பினேன்.

மனைவி வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை. மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு போனுக்குள் இருந்தாள். அந்தப் பாலத்தை நான் நேர்கோட்டில் கடந்ததற்கு ஒரு சாட்சி இல்லை.