நான் சுருக்கிய முகம்

இது நடந்து இரண்டு வருடமாகிறது. தெரணியகலைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்து ஆபிஸில் நான் கிளாக்கர். கணினி கொஞ்சம் தெரியும் என்று வாய் தவறிச் சொன்ன பாவத்துக்கு, மூலையில் கிடந்த சேர்வர் கணினியும் என் தலையில் விழுந்தது. ஆபிஸ், ஃபெக்டரி, டிஸ்பென்சரி மூன்றின் கோப்புகளும் அந்த ஒரே பெட்டிக்குள்தான் இருந்தன.

பழைய இயங்குதளம் இனிப் பாதுகாப்பில்லை, மாற்று என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. புதியதை ஏற்றினேன். கிழட்டு மாட்டில் பார வண்டியைப் பூட்டிய கதையாகிவிட்டது. ஒரு தொழிலாளியின் பதிவைத் திறக்கச் சொல்லிவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வரலாம். மெமரியைக் கூட்ட வேண்டும், டிஸ்கை மாற்ற வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்கள். தோட்டத்து மனேஜர் தொரையோ தினமும் என் மேசையருகே நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தொழிலாளர்கள் பேர் பதியும்போது எடுத்த போட்டோக்கள்தான் பாரம் என்று நானே முடிவு கட்டினேன். ஒரே மத்தியானத்தில் அத்தனையையும் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, பெரிய படங்களை அழித்துவிட்டேன். நகல் எடுத்து வைக்கவில்லை. ஆள் அடையாளம் தெரிந்தால் போதாதா என்று நினைத்தேன். வேகம் கொஞ்சம் கூடியது, தொரை தோளில் தட்டினார். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

அடுத்த மாதம் ஆபிஸ் ஜன்னலில் ஒருவர் வந்து நின்றார். அவர் மனைவி றப்பர் பால் வெட்டுகிறவள். எலிக்காய்ச்சலில் நான்கே நாளில் போய்விட்டாள்.

"கருமாதிக்குப் படம் பெருசாக்கி மாட்டணுங்க ஐயா. வீட்ல இருந்ததெல்லாம் கூர ஒழுகி ஒட்டிப்போச்சு. படம் எடுக்க போன தூக்குனாலே மொகத்த திருப்பிக்குவா. இங்க எடுத்ததுல மட்டுந்தான் நேரா பாத்து நின்னுருப்பா."

பதிவைத் திறந்தேன். பெருவிரல் நகமளவு முகம். பெரிதாக்கப் பெரிதாக்க, கண் எது, மூக்குத்தி எது என்று தெரியாமல் வெறும் கட்டங்களாகச் சிதறியது. "கம்பியூட்டர் கோளாறுங்க, இவ்வளவுதான் மிஞ்சியிருக்கு" என்று சொன்னேன். சொல்லும்போதே நாக்கு கசந்தது.

அவரோடு டவுன் ஸ்டூடியோவுக்கும் போனேன். சிங்கள முதலாளி வெகுநேரம் பார்த்துவிட்டு, "மேக்க லொக்கு கரன்ட பே, மஹத்தயா" என்று தலையாட்டினார். பெரிதாக்க முடியாது என்பதை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"மெஷின் பழுதானா நீங்க என்ன செய்வீங்க? விடுங்க ஐயா."

உண்மையைச் சொல்ல அது நல்ல சமயம். ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கருமாதிக்கு லயத்திலிருந்த அவர் வீட்டுக்குப் போனேன். சுவரில் பெரிய ஃபிரேம், மாலை, பொட்டு எல்லாம் இருந்தன. கண்ணாடிக்குள் வெள்ளைக் காகிதம், அதன் நடுவில் அந்தத் தபால்தலை முகம். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்கள். நானும் குனிந்தேன். அவள் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில மாதங்களில் புது சேர்வர் வந்தது. நான் அழித்த படங்களைப் போலப் பத்து மடங்கை வைத்தாலும் அதற்குப் பாரமாக இருந்திராது. ஒரு பென் டிரைவில் நகல் எடுத்திருந்தால்கூடப் போதும். அவரை இன்றும் செக்ரோலில் பேர் போடும் நேரத்தில் பார்க்கிறேன். "சொகமாங்க ஐயா?" என்று கேட்பார். இன்னும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

இப்போது எந்தப் பதிவும் கண்மூடித் திறப்பதற்குள் திறந்துவிடுகிறது. அவள் பெயர் வரும்போது மட்டும், அழுத்துவதற்கு என் விரலுக்குத்தான் நேரமெடுக்கிறது.