கமிஷன் முன்னால் ஒப்பாரி வைத்த மாரியாயி

இலங்கையில் வறுமையை ஒழிக்க அரசாங்கம் அமைத்த ஆணைக்குழுவை உண்மையில் அமைத்தவள் நான்தான். இதில் கொஞ்சம் கூடுதல் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அமைத்தது கொழும்பு. அதற்காக முன்கூட்டி விசாரிக்க வந்தவர்கள் பதுளையில் உட்கார மண்டபம் கொடுத்தது நான் படிப்பித்த பள்ளிக்கூடம். நாற்காலி அடுக்கியது ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். வரிசை கோணல் என்று சத்தம் போட்டது மட்டும் நான்.

அந்த ஏழாம் வகுப்பில் ஒருத்தி லீலா, தோட்டத்துப் பெரிய கங்காணியின் மகள். இப்போது அவளும் டீச்சர். நான் எழுத எழுத வாசித்துக் காட்டச் சொல்லி, எதிரே உட்கார்ந்து சமையலுக்கு லீக்ஸ் நறுக்குகிறாள்.

"நீங்க போட்ட சத்தத்துல நாற்காலி எல்லாம் தானா நேரா நின்னுச்சுன்னு எழுதுங்க டீச்சர்," என்கிறாள்.

எழுதியிருப்பேன். முந்திவிட்டாள்.

நான் சொல்ல வந்தது மாரியாயியைப் பற்றி. பதுளைக்கு மேலே, லீலாவின் அப்பா ஆள் மேய்த்த அதே தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். தகப்பன் திருச்சிப் பக்கம். நடக்கத் தெரியுமுன்பே கொழுந்து கிள்ளத் தெரியும் என்பாள்; பொய் சொல்வதில் எனக்குத் தங்கை. புருஷன் வாழ்ந்தது கொஞ்ச காலம். ஒரே மகன் மொனராகலை ரப்பர் தோட்டத்துக்குப் பிழைக்கப் போய், காய்ச்சலில் அங்கேயே போய்விட்டான். சேதி வந்தபோது புதைத்தாகிவிட்டது. ஊரில் எல்லார் வீட்டுச் சாவுக்கும் அழுதவளுக்குத் தன் பிள்ளைக்கு அழக் கிடைக்கவில்லை.

ஆம், அவள் பேர் பெற்றது ஒப்பாரியில்தான். அவள் தொடங்கினால், செத்தவர் எழுந்து உட்கார்ந்து, "இவ்வளவு நல்லவனா நான்?" என்று கேட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்வாராம். அந்த மலைகளில் ஒப்பாரிக்கு ஒரு சட்டம் இருந்தது. எழவு வீட்டில் பாட்டாக என்ன சொன்னாலும் குற்றமில்லை. மருமகள் மாமியாரை வையலாம். கூலிக்காரி கங்காணியை இழுக்கலாம், தோட்டம் நடத்தும் தொரையை இழுக்கலாம், கடவுளையே சந்திக்கு இழுக்கலாம். மறுநாள் யாரும் அதைக் கேட்கக்கூடாது.

ஐம்பத்தேழாம் வருஷம் மாரியாயிக்கு இடுப்பு விழுந்தது. கூடையோடு மலை ஏற முடியவில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூப்பிடும் பட்டியலிலிருந்து அவள் பேரை வெட்டிவிட்டார்கள். பேர் இருந்தால்தான் வேலை; வீட்டில் ஒருவருக்காவது வேலை இருந்தால்தான் லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா. அவளுக்கு ஆள் இல்லை. மாசக் கடைசியில் காம்பராவைக் காலி செய்து கொடு என்று சொல்லியாகிவிட்டது. எங்கே போவது என்று சொன்னவர் எவருமில்லை.

அந்தச் சமயத்தில்தான் கொழும்பிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். வறுமையைக் குறைக்கவும், நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயமில்லாமல் சனங்கள் வாழவும் வழி சொல்ல ஓர் ஆணைக்குழு அமைக்கப் போகிறார்கள். அது யார் யாருடைய கஷ்டத்தை விசாரிக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டறிய இந்த மூவர். தலைவர் ஒரு பழைய நீதிபதி. தோட்டத் தரப்பில் வந்தவர் முதலிலேயே எழுந்து, தோட்டத்தாருக்கு வேலை உண்டு, வீடு உண்டு, அரிசி உண்டு, கஷ்டமெல்லாம் நாட்டுப்புறத்தில்தான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தோட்டங்களை ஆணைக்குழுவின் கணக்கிலிருந்து விட்டுவிடலாம் என்று நினைத்தவர்போலத் தலைவரும் தலையாட்டினார். தோட்டத்து ஆட்கள் வாய் திறந்தால்தான் உண்டு.

லொறியில் ஆறு பெண்கள் வந்திருந்தார்கள். மண்டபத்துக் கடைசி வாங்குப் பலகையில் தலப்பாவும் கோட்டுமாக லீலாவின் அப்பா, பெரிய கங்காணி ஜெயராசா. அவர் ஒன்றும் மிரட்டவில்லை. இருந்தார், அவ்வளவுதான்.

"ஏதும் குறை இருக்குதோ எண்டு ஐயா கேக்கிறார்," என்றார் மொழிபெயர்ப்பாளர் சிதம்பரநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர்.

முதல் பெண் திரும்பிக் கடைசி வாங்கைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லைங்க."

அடுத்தவளுக்கும் ஒன்றுமில்லை. அவளுக்கு அடுத்து வடிவம்மா, மாரியாயிக்குப் பக்கத்துக் காம்பரா. "தொர புண்ணியத்துல நல்லா இருக்கோம்ங்க," என்றாள். அவள் காம்பராவில் மழை பெய்தால் சட்டியை எங்கே வைப்பது என்பதுதான் தினச் சண்டை. ஐந்து பேர் முடிந்து மாரியாயி வந்தாள்.

"ஐயா, அழுது சொல்லலாங்களா?"

"அழத் தேவையில்லை அம்மா. சும்மா சொல்லுங்கோ."

"சும்மா சொன்னா குத்தங்க. அழுதா குத்தமில்ல."

சிதம்பரநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தலைவரிடம் சொன்னார். தலைவர் ஏதோ கேட்டார்.

"ஆர் செத்தது எண்டு கேக்கிறார்."

"நாந்தாங்க. என் பேரு. போன வாரம் வெட்டிட்டாங்க."

தலைவர் சற்று யோசித்தார். சாட்சி எந்த வடிவில் வந்தாலும் கேட்பதுதான் தன் கடமை என்றார். மாரியாயி தரையில் உட்கார்ந்தாள். முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு தொடங்கினாள்.

"பேரே என் பேரே – நான்
பெறாத பிள்ளை போலப் பொத்திவச்ச பேரே
பெரட்டுக் களத்துல பேரச் சொன்னா வந்து நிப்பேன்
பேர வெட்டிப் போட்டாக – நான்
பேச்சத்துப் போனேனே

கங்காணி ஆத்தாளுக்குக் கட்டி அழுதவ நான்
கட்டி அழ எனக்கொரு கைமுளைச்ச நாதியில்லே
காம்பராவப் பூட்டிப்புட்டா – என்
கட்டைய எங்க கெடத்த?"

அந்தக் குரலுக்கு நாமுனுகுல மலை இரண்டடி பின்வாங்கியது. பதுளை ஸ்டேசனில் ரயில் புறப்படாமல் நின்று கேட்டது.

"ரயில் அதுக்கு முந்தியே போயிருச்சு டீச்சர்," என்கிறாள் லீலா.

போகட்டும். இது நிஜம்: சிதம்பரநாதன் எழுந்து, "காலஞ்சென்ற பெயருக்கு வாரிசு யாருமில்லை என்கிறார், ஐயா," என்று இங்கிலீசில் சொன்னார். அதற்குமேல் அவரால் வரிக்கு வரி மொழிபெயர்க்க முடியவில்லை. காரணம் இது: ஒப்பாரி கேட்டு ஒரு லயத்துப் பெண் சும்மா நிற்க மாட்டாள். நின்றால் அது மரியாதைக் குறைவு. குறை ஒன்றுமில்லை என்று சொன்ன ஐந்து பேரும் ஓடி வந்து மாரியாயியின் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். வடிவம்மாவின் ஓட்டைத் தகரம் பாட்டில் வந்தது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லாதது வந்தது. இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டுப் போட்ட மனு திரும்பி வராதது வந்தது. எவள் சொன்னாள் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. சிதம்பரநாதன் காதில் விழுந்ததை எல்லாம் சொல்லச் சொல்ல, கொழும்பிலிருந்து வந்த மூன்று பேரும் எழுதினார்கள், எழுதினார்கள், எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

நான் கடைசி வாங்கைத் திரும்பிப் பார்த்தேன். எழவு வீட்டில் ஆம்பிளைகள் செய்வதுபோல ஜெயராசா கங்காணி தலப்பாவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

அந்த வருஷக் கடைசியில் ஆணைக்குழு அமைந்தபோது, விசாரிக்க வேண்டியவற்றில் தோட்டங்களும் இருந்தன. வேலை ஓய்ந்தவர்களின் இருப்பிடம் என்று தனியாக ஒரு வரியும் இருந்தது. ஆனால் அரசாங்கம் நடந்து வரும்; மாசக் கடைசி ஓடி வரும். ஒப்பாரி வைத்த அந்த மாசக் கடைசியிலேயே, தொரையின் உத்தரவுப்படி கங்காணி பூட்டும் சாவியுமாக லயத்துக்கு வந்தார். கூடவே தோட்டத்துக் கிளாக்கர். வாசலில் வடிவம்மா குந்தியிருந்தாள்.

"எந்திரி புள்ள. பூட்டணும்."

"எழவு வீட்டையாங்க பூட்டுவீங்க? கருமாதி ஆகலையே."

"யாருக்குக் கருமாதி?"

"மாரியாயி பேருக்குங்க. ஊரே கூடி அழுதுச்சு. நீங்களுந்தான் தலப்பாவ எடுத்தீங்க."

கிளாக்கர் சிரிக்கப் பார்த்தார். லயத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை என்று கண்டு வாயை மூடிக்கொண்டார்.

"சரி, கருமாதி என்னைக்கு?"

"செத்தவங்கதான நாள் சொல்லணும்."

உள்ளே அடுப்படியிலிருந்து மாரியாயி குரல் கொடுத்தாள். "இப்பத்தான செத்திருக்கேன். அதுக்குள்ள என்னங்க அவசரம்? தேத்தண்ணி ஊத்துறேன், குடிச்சிட்டுப் போங்க."

எழவு கழியாத வீட்டைப் பூட்டினால் மறுநாள் பெரட்டுக்கு ஒரு ஆள் வராது. கிளாக்கர் அதைத் தொரையிடம் போய்ச் சொன்னார். தொரைக்குக் கருமாதி புரியவில்லை. கொழுந்து நின்றுபோகும் என்பது புரிந்தது. காரியம் ஆகிற வரைக்கும் இருக்கட்டும் என்றார். காரியம் ஆகவே இல்லை. லயத்துப் பிள்ளைகளை மடியில் போட்டு வளர்த்துக்கொண்டு, பேர் செத்த மாரியாயி அந்தக் காம்பராவிலேயே இன்னும் ஐந்தாறு வருஷம் இருந்து, அறுபத்திரண்டில் ஆளாகவும் செத்தாள். அன்றைக்கு அவளைக் கட்டி அழ லயம் முழுக்கப் பெண்கள்.

அன்று பூட்டோடு வந்த கங்காணிக்குத்தான் பாவம், பேய்ப் பயம். எழவு வீடு என்று கேட்டதும் தலப்பா ஒரு பக்கம், சாவி ஒரு பக்கமாகச் சரிவில் ஓடினவர், ஆஸ்பத்திரி வளைவில்தான் நின்றார்.

லீலா கத்தியைக் கீழே வைத்தாள்.

"அதை வெட்டிருங்க டீச்சர். அப்பா ஓடல. அங்கனயே குந்தித் தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் வந்தாரு. கிளாக்கர் ஐயா முன்னால அவரால வேற என்ன பேச முடியும்? வாசல்ல குந்து, கருமாதி ஆகலன்னு சொல்லுன்னு வடிவம்மா அக்காவுக்கு அன்னைக்குக் காலையில பெரட்டுக் களத்துல சொல்லிக்குடுத்ததே எங்கப்பாதான்."